ஐந்து கிராம்

லா தேஹா மருந்துக் கடையில்
என் கட்டைவிரலைக் கருவிக்கு அடையாளம் தெரியவில்லை.
துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன்,
மற்றக் கையை வைத்தேன்.
பதினெட்டு வருடம் கூண்டு கழுவிய ப்ளீச்சில்
ரேகை கரைந்து போயிருக்கிறது.
வாஷிங்டன் வைத்தான். பச்சை விளக்கு.
அரசாங்கம் அளந்த கஞ்சா, ஐந்து கிராம் பொட்டலம்,
அவன் பெயருக்கு வந்தது.

வாஷிங்டன் என் கணவன். துறைமுகத்தில் வெல்டர்.
இந்த நாட்டில் அப்பாக்கள்
போக முடியாத ஊரைப் பிள்ளைக்குப் பெயராக வைப்பார்கள்.

சனி இரவு, சமையலறை மேசை.
ஒரே தாள், ஒரே நெருப்பு.
அவனுக்குப் பசி வருகிறது.
பசி என்றால்,
ஆறிப்போன முட்டை அடை, சீமைமாதுளை ஜாம்,
அதன்மேல் சீஸ், அதன்மேல் இன்னும் சீஸ்,
பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே.

எனக்கு முதலில் மணிக்கட்டு லேசாகிறது.
வாரம் முழுக்க என்னோடு வந்த வலி
தன் நிறுத்தம் வந்ததும்
சொல்லாமல் இறங்கிப் போகிறது.
சில சனிக்கிழமை அப்படி.
சில சனிக்கிழமை அதே பொட்டலம், அதே மூன்று இழுப்பு,
நெஞ்சு கதவைத் தட்டுகிறது,
சுவர் ஆணி என்னையே பார்க்கிறது.
"எல்லாம் உன் மனசுதான்" என்கிறான்
வாய் நிறைய.

நான் வேலை செய்யும் கூடத்தில்
எலிகள் எல்லாம் ஆண்.
நெடுங்காலம் அப்படித்தான்.
பெண்ணெலிக்கு நான்கு நாளுக்கொரு சுற்று,
கோடு ஆடும், கணக்குக் கெடும் என்பார் டாக்டர் பெத்தன்கோர்.
ஆகவே கோடு ஆடவில்லை.
ஆடாத அந்தக் கோட்டைப் பிடித்துத்தான்
எனக்கும் அளந்திருப்பார்கள்.

போன மார்ச்சில் யமிலா வந்தாள்,
டக்குவரெம்போக்காரி, மூக்கில் சின்ன வளையம்.
முப்பது பெண்ணெலி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள்.
காலையில் ஒவ்வொன்றிடமும் ஒரு சொட்டு எடுத்துக்
கண்ணாடிச் சில்லில் பார்ப்பாள்.
ஒருநாள் என்னையும் கூப்பிட்டாள்.
உதிர்ந்த சருகுபோலச் செல்கள்.
"எல்பா, இன்றைக்கு இவளுக்கு உச்ச நாள்."
எலியை இவள் என்றாள். பிடித்திருந்தது.

ஊசி போட்டு, வாலை வெந்நீரில் விடுவார்கள்.
எத்தனை நொடியில் இழுக்கிறது, அதுதான் சோதனை.
ஆண் இழுத்தது.
பெண் இழுக்கவில்லை.
எடைக்கு எடை அதே அளவு, அதே மருந்து,
வால் தன்பாட்டுக்கு நீரில் கிடந்தது,
யாரோ மறந்துவிட்டுப் போன கயிறு.
சரி, இவளுக்கு ஆதாயம் என்று நினைத்தேன்.
பத்தாம் நாள் பார்த்தால்
முதலில் இழுப்பவள் இவள்தான்.
சீக்கிரம் கேட்கிறது மருந்து,
சீக்கிரமே கேட்காமலும் போகிறது.
யமிலா எழுதிக்கொண்டாள்.
நான் துடைத்த தரையையே திரும்பத் துடைத்தேன்.

அன்றிரவு இறைச்சிக்கடை நாட்காட்டியில்
பென்சிலால் குறிக்கத் தொடங்கினேன்.
எத்தனை இழுப்பு, வலி எத்தனை மணிக்குப் போனது,
பயம் வந்ததா,
இன்று எனக்கு எந்த நாள்.
எந்த நாள் என்பதில்தான் குழப்பம்.
வயது நாற்பத்தேழு. ஒரு முறை பத்தொன்பது நாள்,
அடுத்து ஐம்பத்திரண்டு.
"இதற்கு எலி உண்டா?" என்று யமிலாவிடம் கேட்டேன்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"தேடிப் பார்க்க வேண்டும்" என்றாள்.

ஜூனில் சோதனை முடிந்தது.
முடிந்தால் என்ன செய்வார்கள் என்பது
கூண்டு கழுவுகிறவளுக்குத் தெரியும்.
அந்த வாயுவுக்கு ஆண் பெண் கிடையாது.
அறுபது கூண்டு. அரை வாளி ப்ளீச்.

இன்று சனி.
நாட்காட்டியைப் பார்த்துவிட்டு
எனக்கு ஒரு இழுப்பு போதும் என்றேன்.
"ஏன், சரக்கு சரியில்லையா?"
"சரக்கு சரிதான்."
தோளைக் குலுக்கிவிட்டு மிச்சத்தை அவன் எடுத்துக்கொண்டான்.
கொஞ்ச நேரத்தில் பிரிட்ஜ் திறக்கும் சத்தம்.
"எல்பா, சீஸ் எங்கே?"

தொட்டியில் தட்டுகள், மேலே ஆவி.
மணிக்கட்டு வரை கையை விட்டேன்.
ஒன்று என்றேன்,
இரண்டு.